சோளகத்தில் கட்டிய வெள்ளைத் துணி

காற்று கெட்டுப்போய்க் கிடக்கிறது என்பதை மக்களுக்குச் சொல்ல ஒரேயொரு நல்ல படம் போதும் என்று நான் நம்பியிருந்தேன். கறுத்த புகை, பின்னால் சிவந்த வானம், முன்னால் ஒரு மனிதன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டும். பார்த்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் புகை நின்றுவிடும். இதைப் பதினெட்டு வயதில் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நான் நம்பியது நாற்பது கடந்த பிறகு. மன்னார் நகரத்தில் கலியாண வீடும் முதல்நன்மையும் செத்தவீடுமாகப் படம்பிடித்துக் களைத்து, சுகாதார விழிப்புணர்வுப் பிரிவொன்றில் படக்காரனாகச் சேர்ந்த காலம் அது. பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் ஓய்வு வாங்கிப் போன பிறகு அந்த மேசையில் உட்காரப்போகிறவர்கள் நீங்கள். ஆகவே என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்வார்கள்.

அந்த நல்ல படத்தை எடுத்தும் விட்டேன். பள்ளிமுனைக்கு அப்பால் ஒரு கடற்கரைக் குடியிருப்பு. பெயர் வேண்டாம். அதன் வடகிழக்கே ஒரு சுண்ணாம்புச் சூளை, சிப்பியும் ஓடும் சுட்டுச் சுண்ணாம்பாக்குகிற சூளை. விறகு தட்டுப்பாடானதும் முதலாளி பழைய டயர்களை வாங்கி எரிக்கத் தொடங்கியிருந்தார். மூன்று பின்னேரங்கள் காத்துக் கிடந்து, சூரியன் விழுகிற நேரத்தில் அந்தப் புகையைப் பிடித்தேன். பெரிதாக்கி, கீழே “இதையா சுவாசிக்கிறோம்?” என்று எழுதி, சந்தைச் சுவரில் ஒட்டினோம். சனம் கூடி நின்று பார்த்தது. “நல்ல கலர்” என்றார்கள். நாலாம் நாள் சூளை முதலாளியே என்னைத் தேடி வந்தார். ஓடுவதற்குக் காலை எடுத்து வைத்துவிட்டேன்.

“தம்பி, அந்தப் படத்தில ஒண்டு எனக்கும் பெருசாக்கித் தரேலுமோ? கந்தோரில மாட்டுறதுக்கு. எழுத்து மட்டும் வேண்டாம்.”

கொடுத்தேன். தன் அலுவலகச் சுவரில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். என்னுடைய விழிப்புணர்வுப் படம் அவருடைய விளம்பரப் பலகையாகிப் போனது.

அந்தக் குடியிருப்பில் சந்தியா என்று ஒருவர் இருந்தார். சந்தியாப்பிள்ளை. சங்கு குளிக்கிறவர். முதுகில் காற்றுக்குடுவை கட்டாமல் வெறும் மூச்சில் இறங்குகிற கடைசி ஆட்களில் ஒருவர். அடியில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு அவரிடம் மணிக்கூடு கிடையாது, ‘அருள்நிறைந்த மரியே’ மந்திரம்தான் கணக்கு. கண்ணை மூடி மனதுக்குள் சொல்லிக்கொண்டு தடவுவார். முன்பெல்லாம் எட்டு மந்திரம் சொல்லி முடித்துச் சங்கோடு மேலே வருவார். நான் அவரை அறிந்தபோது நாலில் வந்துகொண்டிருந்தார்.

“அஞ்சாவதைத் தொடங்குவன் தம்பி. ‘மரியே’ எண்டு சொல்லேக்கையே நெஞ்சு இறுகிப்போடும். மாதாவை அரையில விட்டுட்டு வாறது எனக்கே வெக்கமாய்க் கிடக்கு” என்றார். சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமல் முடியும்வரை நாங்கள் எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டயரை நிறுத்தினால் இருக்கிற மூச்சாவது மிஞ்சும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். குடியிருப்பார் ஒவ்வொரு வருடமும் முறைப்பாடு எழுதினார்கள். சூளைக்கு அனுமதி புதுப்பிக்கும் முன் பிரதேச சபையிலிருந்து ஆட்கள் வந்து நின்று பார்ப்பார்கள். “புகை குடியிருப்புப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை” என்று எழுதிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு வருடமும் அதே வசனம். இது எப்படி என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எனக்கு வேறொரு யோசனை வந்திருந்தது, அதன் அழகில் மயங்கிக் கிடந்தேன்.

யோசனை இதுதான். புகையைக் கமராவால் பிடிக்க வேண்டாம். காற்றே தன்னைத்தானே வரையட்டும். பன்னிரண்டு வீட்டு வேலிகளில் ஒவ்வொரு வெள்ளைத் துணி. முப்பது நாள் அப்படியே தொங்கட்டும். கரி படியும். அனுமதிக் கூட்டம் நடக்கிற அன்று சபை மண்டபத்தில் அந்தத் துணிகளைக் கண்காட்சியாக வைத்துவிடுவோம். எங்கள் பொறுப்பதிகாரி மிஸ் கேட்டுவிட்டு, “இது நல்லாயிருக்கே” என்றார். அவர் என்னைப் புகழ்ந்தது அதுவே முதல்தடவை. தலை கொஞ்சம் சுற்றிவிட்டது.

ஒரு காலையில் பன்னிரண்டு துணியையும் தெரு வேலிகளில் வரிசையாகக் கட்டினேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. தள்ளி நின்று பார்த்து ரசித்தேன்.

தெரு வேலியில் வெள்ளைத் துணி கட்டினால் எங்கள் பக்கத்தில் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை செத்தவீட்டில் அந்தத் துணிகளுக்குக் கீழேயே நின்று படம்பிடித்திருக்கிறேன். அன்று கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பத்து மணிபோல நானாட்டானில் கலியாணம் முடித்திருந்த சந்தியாவின் அக்கா பஸ்ஸால் இறங்கி, தெரு முனையிலேயே தலையில் அடித்துக்கொண்டு வந்தார். யாரோ போன்பண்ணிவிட்டார்கள்: உங்கள் தம்பியின் வேலியில் வெள்ளை கட்டியிருக்கிறது, ஏற்கெனவே சுகமில்லாதவர்தானே, என்று.

“ஐயோ என்ர ராசா, எனக்கொரு சொல் சொல்லாமல் போட்டியே!”

சந்தியா கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வேலிப் படலையைத் திறந்தார்.

“அக்கா, ஆர் செத்தது?”

“நீதான்ரா!”

“நானோ? எப்ப?”

அக்கா ஒரு நிமிடம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். அது சந்தியாவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. நான் அங்கே நிற்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்துக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அங்கிருந்தே சந்தியாவின் மனைவி லூர்தம்மாவின் குரல் கேட்டது.

“உயிரோட இருக்கிற மனுசனுக்கு வெள்ளை கட்டிப்போட்டு எங்க ஒளிச்சிருக்கிறார் அந்தப் படக்காரன்? வரச்சொல்லுங்கோ, அவருக்கும் ஒண்டு கட்டிவிடுறன்!”

அரை மணிக்குள் பன்னிரண்டு துணியும் இறங்கிவிட்டன. வள்ளத்துக்குப் பின்னால் இருந்தபடியே நான் மிஸ்ஸுக்கு எழுத வேண்டிய இராஜினாமாக் கடிதத்தை மனதில் எழுதி முடித்தேன். கையெழுத்துப் போடுகிற கட்டத்தில் சந்தியா வந்து எட்டிப் பார்த்தார்.

“வெளியில வாங்கோ தம்பி. அக்கா தேத்தண்ணி குடிக்கிறா, கோவம் இறங்கீட்டுது.” பக்கத்தில் உட்கார்ந்தார். “வெறும் வெள்ளையாய் இருந்தால்தானே செத்தவீடு. அதில என்னத்தையாவது ஒட்டிவிடுங்கோவன்.”

பிள்ளைகளே, என் வேலைவாழ்க்கையில் கிடைத்த ஆகச்சிறந்த கலை ஆலோசனை அது. தன் வேலியில் சாவுத்துணி தொங்கக் கண்ட மனிதர், அதைக் கட்டியவனுக்குச் சொன்னது.

துணிமேல் ஓர் உருவம் வெட்டி ஒட்டினால்? உருவத்துக்குக் கீழே கரி படியாது. முப்பது நாள் கழித்து எடுத்தால் சுற்றிவரக் கறுப்பு, நடுவில் வெள்ளை உருவம். இருட்டறையில் தாள்மேல் சாவியை வைத்து வெளிச்சம் காட்டினால் சாவி வெள்ளையாய் விழுமே, அதே விளையாட்டு. உற்சாகத்தில் வீடுவீடாகப் போய், “உங்களுக்குப் பிடிச்ச உருவம் வெட்டுவம். நாளைக்கு வீட்டுக்கு ஒரு அட்டை எடுத்து வையுங்கோ” என்றேன்.

கந்தோரில் அட்டை என்றால் கடதாசி அட்டை. அந்தக் கரையில் அட்டை என்றால் கடலுக்கு அடியில் கிடக்கிற அட்டை, ஏற்றுமதிக்குப் போகிற சாமான். மறுநாள் ஏழு வீட்டில் ஏழு கடலட்டை காத்திருந்தது. சிலது காய்ந்தது, இரண்டு பச்சை. லூர்தம்மா வாளியை நீட்டிக்கொண்டு கேட்டார்: “இதைத் துணியில ஒட்டினால் நாறுமே, அண்ணை. இதுவும் உங்கட படிப்பில வாறதோ?”

சிரித்து முடித்த பிறகு வேலை நடந்தது. பிஸ்கட் பெட்டி மட்டைகளை வெட்டினோம். ஒரு வீட்டில் சேவல். ஒரு வீட்டில் படகு எஞ்சின், விசிறியோடு. ஒரு கிழவர் தன் மூக்கைப் பக்கவாட்டாக வரையச் சொன்னார். சந்தியா சங்கு கேட்டார். “வலம்புரியாய் வெட்டுங்கோ. கடலில கிடைக்கேல்லை, துணியிலயாவது கிடைக்கட்டும்.” உருவம் ஒட்டியதும் துணி சாவுத்துணியாக இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு ஊருக்கே ஒரு ஆவல். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்த காலம், கடல் குழம்பிக் கிடந்தது, ஆண்கள் கரையில்தான். நாளுக்கு ஐந்தாறு பேராவது மட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். “தூக்காதேங்கோ, படம் கெட்டுப்போம்” என்று கத்திக்கத்தி எனக்குத் தொண்டை கட்டியது. தூக்க விடாமல் காவல் இருந்த நான், பத்தொன்பதாம் நாள் பொறுக்கமுடியாமல் சந்தியா வீட்டுச் சங்கின் ஓரத்தை நானே தூக்கினேன்.

ஒன்றுமில்லை. உள்ளேயும் வெள்ளை, வெளியேயும் வெள்ளை.

சேவலைத் தூக்கினேன். மூக்கைத் தூக்கினேன். எஞ்சினைத் தூக்கினேன். பன்னிரண்டும் சலவைக்குப் போய்வந்த மாதிரி. அந்த நேரம் பார்த்து மிஸ் போனில் வந்தார்.

“எப்பிடிப் போகுது வேலை?”

“எல்லாம் வெள்ளையாய்ப் போகுது மிஸ்” என்றேன். பொய் சொல்லவில்லை.

போனை வைத்த பிறகுதான் கூட்டத்தை நினைத்தேன். ஆபத்து எனக்கு மட்டுமல்ல. இந்தத் துணிகளைச் சபை மண்டபத்தில் தொங்கவிட்டால் முதலாளி எழுந்து நிற்பார். “பாருங்கோ ஐயாமாரே, முப்பது நாள் தொங்கின துணி. எங்கை கரி?” என்று கேட்பார். ஒவ்வொரு வருடமும் வாயால் சொன்னதற்கு இந்த வருடம் நானே பன்னிரண்டு சாட்சிகளைத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அனுமதி கிடைக்கும், டயர் எரியும், சந்தியா நாலிலிருந்து மூன்றுக்கு இறங்குவார்.

பயந்தவன் செய்வதைச் செய்தேன். வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் விளக்கைப் புகையவிட்டு, கரியை ஒரு தகர ரின்னுக்குள் வழித்து, சவரம் செய்கிற பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு பகல் இரண்டு மணிக்கு வந்தேன். ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். சந்தியா வீட்டுத் துணிக்கு முன்னால் நின்று, பிரஷ்ஷைக் கரியில் தோய்த்து, ஓவியன் மாதிரித் தலையைச் சரித்து, எந்த மூலையில் தொடங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“துணிக்குச் சவரமோ தம்பி?”

பிரஷ் கையிலிருந்து விழுந்து என் வெள்ளைச் சேட்டில் நீளமாக ஒரு கோடு போட்டது. அந்தக் குடியிருப்பில் அன்று கரி படிந்த ஒரே துணி அதுதான்.

சந்தியா வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வெள்ளைத் துணி, முதலாளி, கூட்டம், இன்னும் பதினொரு நாள். “கொஞ்சம்தான் அண்ணை. உண்மையிலேயே படிஞ்சிருக்க வேண்டிய கரிதானே. நான் சும்மா உதவி செய்யிறன்.”

அவர் ரின்னை வாங்கி மணந்து பார்த்தார்.

“இது மண்ணெண்ணெய்க் கரி. ரயர்க் கரி வேற மணம். முதலாளி அந்தக் கரியிலயே சீவிக்கிறவர், மூக்காலயே பிடிச்சுப்போடுவார். அதுக்குப் பிறகு நான் இருமினாலும் நடிக்கிறன் எண்டுதான் சொல்லுவினம். என்ர நெஞ்சில கிடக்கிறது ஒண்டுதான் தம்பி உண்மை. அதையும் பொய்யாக்கிப் போடாதேங்கோ.”

ரின்னை மூடித் திருப்பித் தந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், உண்மையாகவே அறிய விரும்புகிறவர்போலக் கேட்டார்.

“நான் அண்டைக்கே கேக்க நினைச்சனான். நீங்கள் எந்தக் காத்துக்கு இதைக் கட்டினனீங்கள்?”

“எந்தக் காத்துக்கெண்டால்?”

“இப்ப சோளகமெல்லோ. தென்மேற்கால அடிக்குது. புகை அங்காலதானே போகும். எங்களுக்குப் புகை வாறது வடகிழக்கால அடிக்கிற வாடைக்கு. கார்த்திகை, மார்கழி, தை.”

மன்னாரில் பிறந்து, காற்றைப் படம்பிடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்கவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று மட்டும் பார்த்தேன். சபை ஆட்களும் ஏன் ஒருநாளும் புகையைக் காணவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அனுமதி புதுப்பிக்கிற காலம் சோளகக் காலம். அவர்கள் எழுதிய வசனம் பொய்யில்லை. அன்றைய காற்றுக்கு அது உண்மை.

“ஊரில எல்லாருக்கும் இது தெரியுமோ?”

“ஏன் தெரியாமல்?”

“பிறகேன் ஒருத்தரும் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லையே. நாங்கள் நினைச்சம், வெயிலில மட்டை எப்பிடி வெளுக்குதெண்டு படிக்கிறியள் எண்டு.”

உங்களுக்கு நான் விட்டுப்போகக்கூடிய அறிவுரை ஏதாவது இருந்தால் அது அந்த “கேக்கேல்லையே”தான். கேட்டிருந்தால் பத்தொன்பது நாளும் ஒரு சேட்டும் மிஞ்சியிருக்கும்.

“அப்ப இப்ப புகை போற பக்கத்தில ஆர் இருக்கினம்?” இந்தத் தடவை கேட்டேன்.

சந்தியா சிரித்தார். “முதலாளியின்ர வீடு.”

முதலாளியின் மனைவி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஊர் முழுக்க அவருக்கு ரீச்சர்தான். அன்று பின்னேரமே பதின்மூன்றாவது துணியோடு போனேன். முதலாளி வீட்டில் இல்லை. நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்வதா, பள்ளிக்கூடப் போட்டி அது இது என்று சுற்றி வளைப்பதா? வாசலில் நின்று இரண்டையும் ஒத்திகை பார்த்தேன். சந்தியா ரின்னை மூடித் தந்தது கண்ணுக்குள் நின்றது. உண்மையையே சொன்னேன்: இது எதற்கு, எந்தக் கூட்டத்தில் தொங்கப்போகிறது, யாருக்கு எதிராக.

ரீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். பிறகு சன்னல் சீலையின் ஓரத்தைப் பிடித்துக் காட்டினார்.

“கிழமைக்கு ஒருக்கால் தோய்க்கிறன். றோட்டுப் புழுதி எண்டு இவர் சொல்லுவார். புழுதி இப்பிடிப் பிசுபிசுக்குமோ?” துணியை வாங்கிக்கொண்டார். “அங்க எல்லா வீட்டிலயும் உருவம் வெட்டினனீங்களாமே. பள்ளிக்கூடத்தில பிள்ளையள் அதே கதைதான். எனக்கு என்ன வெட்டுவியள்?”

“உங்களுக்குப் பிடிச்சது ரீச்சர்.”

மட்டைமேல் தன் இடது கையை விரித்து வைத்தார். நான் பென்சிலால் சுற்றி வரைந்தேன். சின்னவிரல் கொஞ்சம் வளைந்திருந்தது. சின்னவயதில் கதவுக்குள் அகப்பட்டதாம். அப்படியே வெட்டினேன். பின்கதவுக்குப் பக்கத்தில், முதலாளி எட்டிப் பாராத பக்கமாக, அவரே கட்டினார்.

“ஆரின்ர வீடெண்டு நான் அங்க சொல்லமாட்டன் ரீச்சர்.”

“அதைப் பிறகு பாப்பம்” என்றார்.

பதினொரு நாள் நான் எந்த மட்டையையும் தூக்கவில்லை. கை துறுதுறுத்தது, பின்னால் கட்டிக்கொண்டேன்.

கூட்டத்தன்று மண்டபத்தின் ஒரு சுவரில் பன்னிரண்டு வெள்ளைத் துணிகள். எதிர்ச் சுவரில் ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் முன்னால் மட்டைகளை எடுத்தேன். பன்னிரண்டிலும் ஒன்றும் தெரியவில்லை. மூக்கு வரையச் சொன்ன கிழவர் ஏமாந்துபோய், “என்ர மூக்கு எங்க?” என்றார். முதலாளி முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பதின்மூன்றாவதன் மட்டையை எடுத்தேன். கறுப்பு. எண்ணெய்க் கறுப்பு. அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கை, சின்னவிரல் வளைந்து.

சபைத் தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். “இது ஆரின்ர வீடு?”

சொன்னால் சொன்ன சொல்லை மீறினவனாவேன், சொல்லாவிட்டால் எங்கேயோ அடுப்படியில் தொங்கவிட்டது என்பார்கள். மட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். முதலாளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சாய்ந்திருந்த நிலையிலிருந்து மெல்ல நிமிர்ந்ததை நான் கண்டேன்.

பின்வரிசையில் கதிரை ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது.

“எங்கட வீடு” என்றார் ரீச்சர். “பின்கதவடியில கிடந்தது. பதினொரு நாள்.”

மண்டபம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு முதலாளி தொண்டையைச் செருமினார். “அப்ப அந்தப் பன்னிரண்டும் வெள்ளைதானே. குடியிருப்புக்குப் புகை போகேல்லை எண்டுதானே அர்த்தம்?” குரலில் முன்பிருந்த பலம் இல்லை.

சந்தியா எழுந்தார். பேச்சுக்கு அவர் ஆயத்தம் செய்யவில்லை. இரண்டு சுவரையும் மாறிமாறிக் கையால் காட்டினார்.

“ஓம், இப்ப போகேல்லை. காத்துத் திரும்பும், ஐயா.”

உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகு இருமல் வந்தது. நீண்ட இருமல். தலைவர் அது முடியும்வரை காத்திருந்துதான் அடுத்ததைப் பேசினார்.

அன்று நடந்தது இவ்வளவுதான். டயர் எரிக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சூளைக்கு அனுமதி கொடுத்தார்கள். வாடைக் காலத்திலும் ஒருமுறை வந்து பார்ப்பதென்று எழுதினார்கள், வந்தும் பார்த்தார்கள். மிஞ்சிய டயர்கள் அந்தக் கிழமையே லொறியில் ஏறிப் போயின. சூளை விறகில் எரிந்தது. குடியிருப்பில் இருமல் குறைந்தது. சந்தியாவுக்குக் குறையவில்லை. அந்த வருடச் சங்குக் குளிப்புக்கு ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் படகு ஓட்டப் போனார். மற்றவர்கள் இறங்கினார்கள்.